நேற்று 30 செ.மீ. புதுப்பனி என்கிறது அறிக்கை. மொத்த ஆழம் மட்டும் ஏன் அவ்வளவு ஏறவில்லை?

பனிச்சறுக்குத் தலங்களின் காலை அறிக்கையில் இரண்டு அளவுகளைப் பார்க்க வேண்டும். புதுப்பனி என்பது கடந்த 24 மணி நேரத்தில் விழுந்தது. ஒரு பலகையில் சேர்ந்ததை அளந்துவிட்டு, அடுத்த அளவுக்காகத் துடைத்துவிடுவார்கள். மொத்த ஆழம் என்பது தரையிலிருந்து மேற்பரப்பு வரை உள்ள உயரம்.

முந்தைய நாள் மொத்த ஆழத்தோடு புதுப்பனியைக் கூட்டினால் இன்றைய மொத்த ஆழத்தோடு கணக்கு ஒத்துவராது. புதிதாக விழுந்த பனியில் ஏறக்குறைய 90 சதவீதம் வெறும் காற்றுதான். மேலே பனி சேரச் சேர அந்தப் பாரத்தில் அடிப்பனி அமுங்கும். துகள்களின் கூர்முனைகளும் மழுங்கி நெருங்கிவிடும். புதிதாக அடைத்த இலவம்பஞ்சு மெத்தை சில நாளில் தட்டையாகிவிடுகிறதே, அதே கதைதான்.

அப்புறம், எந்த உயரத்தில் அளந்தது என்பதும் முக்கியம். காஷ்மீரின் குல்மார்க் சுமார் 2,650 மீட்டரில் இருக்கிறது. அங்கிருந்து கொண்டோலா எனும் கம்பிவட ஊர்தி போய்ச்சேரும் அஃபர்வாட் சரிவு 3,900 மீட்டருக்கும் மேல். கீழே மழை பெய்யும்போதே மேலே பனி கொட்டலாம். உயரம் போடாத அறிக்கையை நான் பெரிதாக நம்பமாட்டேன்.

ஆழம் குறைந்தாலே பனி உருகிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். வெப்பநிலை பூஜ்ஜியத்துக்குக் கீழேயே இருந்தால், பெரும்பாலும் அது அமுங்கியது மட்டும்தான்.