பேட்டரி வண்டி கேள்வி – பதில்: போனால் திரும்ப வரணுமே!

அண்ணா, எனக்கு இரண்டு காலிலும் போலியோ. தொட்டியம் பக்கத்துக் கிராமத்திலிருந்து முசிறியில் உள்ள என் ஜெராக்ஸ் கடைக்குப் பேட்டரி மூன்று சக்கர வண்டியில் தினமும் போய் வருகிறேன். ஒரு வழி 9 கி.மீ. புதிதில் தாராளமாகப் போய் வந்தது. இப்போது சாயங்காலம் ஊர் வந்து சேர்வதற்குள் வண்டி படுத்துவிடுகிறது. பழைய கார் பேட்டரி ஒன்றைச் சேர்த்துக் கட்டித் தருவதாக மெக்கானிக் சொல்கிறார். கட்டலாமா?
— வாசகர், தொட்டியம் வட்டம்

வேண்டாம் தம்பி. உங்கள் வண்டியில் 12 வோல்ட் பேட்டரி இரண்டு, ஒன்றன்பின் ஒன்றாக இணைந்து 24 வோல்ட் தருகின்றன. மூன்றாவதை அதே வரிசையில் சேர்த்தால் 36 வோல்ட் ஆகிக் கன்ட்ரோலர் (மோட்டாருக்குக் கரண்டை அளந்து விடும் பெட்டி) புகையும். ஒன்றோடு மட்டும் பக்கவாட்டில் கட்டினால் இரண்டும் சமமாக இறங்காது, சமமாக ஏறாது. நல்ல பேட்டரியும் சேர்ந்து கெடும். கார் பேட்டரி என்பது என்ஜினை எழுப்ப ஒரு நொடி பெரிய கரண்ட் கொடுக்கப் பிறந்தது. மணிக்கணக்கில் அடிவரை இறக்கினால் அதற்கு ஆயுளே இருக்காது.

முதலில், இருக்கிற பேட்டரியில் எது கெட்டது என்று பாருங்கள். வோல்ட் அளக்கும் 300, 400 ரூபாய் மல்டிமீட்டர் போதும். முழு சார்ஜ் போட்டு சில மணி நேரம் சும்மா விட்டு, ஒவ்வொரு பேட்டரியையும் தனித்தனியாக அளந்தால் 12.7-க்குக் குறையாமல் காட்டணும். அதோடு விட்டுவிடாதீர்கள், சும்மா இருக்கும்போது எல்லாப் பேட்டரியும் நல்லபிள்ளைதான். ஒருவரை ஏற்றி, சின்ன மேட்டில் ஓட்டச் சொல்லி, ஓடும்போதே அளக்கணும். ஒன்று 12-ல் நிற்க, மற்றது 10.5-க்கு விழுந்தால் ஆள் யாரென்று தெரிந்துவிடும். அப்போதும் ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள், ஜோடியாக மாற்றுங்கள். புதியதும் பழையதும் சேர்ந்தால் பழையதன் வேகத்துக்குத்தான் புதியதும் ஓடும்.

என் பட்டறைக்கு வரும் வண்டிகளில் பாதிக்குப் பேட்டரியைத் தொடவே வேண்டியதில்லை. டயரில் காற்று இருக்காது. கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்துத் திருப்தி அடைகிறார்கள். டயரின் பக்கவாட்டில் எத்தனை பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) என்று அச்சடித்திருக்கிறது, அதைப் படியுங்கள். சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுழற்றிப் பாருங்கள். நாலு சுற்றுகூடச் சுற்றாமல் நின்றால் பிரேக் கட்டை உரசுகிறது. இந்த மாதிரி வண்டி போகும் வேகத்தில், தட்டையான ரோட்டில் கரண்டைத் தின்பது பெரும்பாலும் டயர் உரசல்தான். எதிர்காற்று அடுத்தது. உங்கள் ஊர் முசிறிக்கு மேற்கே. ஆடிக் காற்று மேற்கிலிருந்து அடிக்கும். காலையில் தள்ளிவிட்ட காற்றே சாயங்காலம் மறிக்கும், அதுவும் பேட்டரி தளர்ந்திருக்கும் நேரத்தில். அந்த மாதங்களில் திரும்பும்போது வேகத்தைக் கொஞ்சம் குறையுங்கள்.

இன்னொரு பழக்கம் ஊர் முழுக்க இருக்கிறது: "முழுசா இறங்கின பிறகுதான் சார்ஜ் போடணும்." பழைய நிக்கல்-காட்மியம் பேட்டரிக் காலத்துப் பேச்சு அது. உங்களிடம் இருப்பது போன்ற ஈய பேட்டரியை இறங்கிய நிலையில் விட்டால் தகட்டில் சல்பேட் படிந்து இறுகும். இறுகியது இறுகியதுதான். வீட்டுக்கு வந்ததும் சார்ஜரைச் சொருகுங்கள், பச்சை விளக்கு வரும்வரை எடுக்காதீர்கள். தகரக் கொட்டகையில் நிறுத்தாதீர்கள்: 25 டிகிரிக்கு மேலே ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும். நம் பக்கத்து வெயிலுக்கு நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இத்தனையும் சொன்னாலும், உங்களுக்கு நான் முதலில் செய்யச் சொல்வது வேறு. சார்ஜரைக் கடைக்கு எடுத்துப்போங்கள்! 32 ஆம்பியர்-ஹவர் (பேட்டரியின் கொள்ளளவு) என்று ஒட்டியிருக்கும் பேட்டரி, 20 மணி நேரம் மெதுவாக இறக்கினால்தான் 32 தரும். வண்டி இழுக்கும் வேகத்தில் 20, 22 கிடைத்தால் பெரிது. கடையில் 5 ஆம்பியர் சார்ஜரில் மூன்று மணி நேரம் போட்டாலே அதில் பாதிக்கு மேல் ஏறிவிடும். நீங்கள் ஓட்டவேண்டியது 18 கி.மீ. அல்ல, இரண்டு 9 கி.மீ. கரண்ட் பில்லுக்குப் பயப்படாதீர்கள், காலியான பேட்டரி நிரம்பவே ஏறத்தாழ ஒரு யூனிட்தான் ஆகும். ஜெராக்ஸ் மெஷின் வைத்திருப்பவருக்கு இது ஒரு செலவா?

பேட்டரி மாற்றித்தான் ஆகணும் என்றால், காசு புரண்டால், லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வாங்குங்கள். 8 செல் வைத்த 25.6 வோல்ட் பெட்டி. எடை ஈயத்தில் பாதிகூட இருக்காது, 2,000 முறை ஏற்றி இறக்கலாம், எழுதியிருக்கும் அளவு அப்படியே கைக்கு வரும். பழைய சார்ஜரைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டு 29.2 வோல்ட் சார்ஜர் கேளுங்கள். உள்ளே இருக்கும் பி.எம்.எஸ். பலகையின் (பேட்டரியைக் காக்கும் சர்க்யூட்) ஆம்பியர், உங்கள் கன்ட்ரோலரின் உச்ச ஆம்பியரைவிடக் கூடுதலாக இருக்கணும். இல்லையென்றால் மேடு ஏறும்போது பட்டென்று அணைந்துவிடும். கைப்பிடியில் சார்ஜ் காட்டும் விளக்கையும் அதன்பின் நம்பாதீர்கள். அது வோல்ட்டைப் பார்த்துச் சொல்வது. லித்தியத்தில் வோல்ட் கடைசிவரை அசையாது, மூன்று விளக்கும் எரியும்போதே வண்டி நின்றுவிடும். கி.மீ. கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஐயா, வண்டிக் கூரையில் சோலார் தகடு போட்டால் தூரம் கூடுமா? நான் ரோட்டோரம் வண்டியிலேயே உட்கார்ந்து நுங்கும் பதநீரும் விற்கிறேன்.
— வாசகர், ராமநாதபுரம்

மற்றவர்கள் கேட்டால் வேண்டாம் என்பேன், உங்களுக்குப் போடலாம். 100 வாட் தகடு நாள் முழுக்க வெயிலில் நின்றால் 300, 400 வாட்-ஹவர் (1,000 சேர்ந்தால் ஒரு யூனிட்) தரும். மூன்று சக்கர வண்டிக்கு கி.மீ.க்கு 25 வாட்-ஹவர் என்று வைத்தாலும் 12 கி.மீ.க்குக் குறையாது. நிழலும் கிடைக்கும். கடைக்குள் வேலை செய்பவர் இதற்காக வண்டியை வெயிலில் நிறுத்தினால் பேட்டரி வெந்து போகும். தகட்டைப் பேட்டரியோடு நேராக இணைக்காதீர்கள், 24 வோல்ட்டுக்கான சார்ஜ் கன்ட்ரோலர் நடுவில் வேண்டும். கடல் காற்றுக்கு நட்டு போல்ட்டெல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் போடுங்கள்.

என் மகள் மடக்கும் எலெக்ட்ரிக் சக்கர நாற்காலி பயன்படுத்துகிறாள். அதிக தூரம் ஓடப் பெரிய பேட்டரி கேட்கிறாள். அடிக்கடி டெல்லிக்கு விமானத்தில் போகவேண்டியிருக்கிறது. வாங்கலாமா?
— வாசகி, நாகர்கோவில்

பெரியது ஒன்று வேண்டாம் அம்மா, சின்னது இரண்டு வாங்குங்கள்: நாற்காலியில் ஒன்று, கூடுதலாக ஒன்று. ஒரே பேட்டரியில் ஓடும் நாற்காலியின் கழற்றக்கூடிய லித்தியம் பேட்டரிக்கு விமானத்தில் 300 வாட்-ஹவர்தான் எல்லை; ஒரே நேரத்தில் இரண்டு பேட்டரி போடும் நாற்காலி என்றால் ஒவ்வொன்றுக்கும் 160. வோல்ட்டையும் ஆம்பியர்-ஹவரையும் பெருக்கிப் பாருங்கள்: 24 வோல்ட், 10 ஆம்பியர்-ஹவர் என்றால் 240, போகலாம். 36 வோல்ட், 10 என்றால் 360, போக முடியாது. கழற்றிய பேட்டரி கையோடு கேபினில்தான் வரணும், டெர்மினல்கள் மூடியிருக்கணும். டிக்கெட் எடுத்ததுமே வாட்-ஹவர் அச்சிட்ட லேபிளைப் படமெடுத்து விமான நிறுவனத்துக்கு அனுப்பி, எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள். லேபிள் இல்லாத உள்ளூர் பேட்டரியோடு கவுன்ட்டரில் போய் நிற்கவேண்டாம்.