எந்த வயதில் எதை? கணினித் திறன் குறித்து மொரீசியஸ் பெற்றோரின் கேள்விகள்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கவலையைச் சொல்கின்றன: நம் பிள்ளை பின்தங்கிவிடுமோ? அவசரம் வேண்டாம். ஆனால் படிகளைத் தாண்டிக் குதிக்கவும் வேண்டாம்.

என் மகனுக்கு 4 வயது. போனில் யூடியூபைத் தானே திறந்து வேண்டியதைப் பார்க்கிறான். கோடிங் வகுப்பில் சேர்க்கலாமா?
– ஒரு தாய், ரோஸ் ஹில்

விரலால் தள்ளிப் படம் பார்ப்பதைக் கணினித் திறமை என்று எண்ணிவிடாதீர்கள் அம்மா. யார் தொட்டாலும் ஓடும்படிதான் அந்தச் செயலிகளைச் செய்திருக்கிறார்கள். 2 முதல் 4 வயதுப் பிள்ளைகள் உட்கார்ந்தபடி திரை பார்ப்பது நாளுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் அறிவுறுத்தியது.

வகுப்புக் கட்டணத்தை மிச்சம் பிடியுங்கள். சாயங்காலம் அவன் அப்பா ரோபோ ஆகட்டும். ‘மூணு அடி முன்னே, வலப்பக்கம் திரும்பு, ரெண்டு அடி முன்னே’ என்று பிள்ளை சொல்லச் சொல்ல, அவர் சமையலறைக் கதவுக்குப் போய்ச் சேர வேண்டும். சொன்னதைத் தவிர வேறெதுவும் செய்யக் கூடாது. சுவரில் முட்டிக்கொண்டால் எந்தக் கட்டளை தப்பு என்று பிள்ளையே கண்டுபிடிக்கட்டும். வீட்டில் கிரியோல் பேசுகிறவர்கள் என்றால் கிரியோலிலேயே விளையாடுங்கள். கோடிங் என்பது கணினிக்குக் கட்டளை எழுதுவதுதானே; அதற்கு வேண்டிய கட்டளை, வரிசை, பிழை திருத்தம் மூன்றும் இதிலேயே வந்துவிடும்.

பேத்தி 2-ஆம் கிரேடு. பள்ளியில் டேப்லெட் இருக்கிறது. வீட்டுக்கும் ஒன்று வாங்க வேண்டுமா?
– ஒரு தாத்தா, வாக்வா

வேண்டாம் ஐயா, பள்ளியில் பழகுவதே போதும். வீட்டில் ஏற்கெனவே ஒரு டேப்லெட் கிடந்தால் படக் கட்டளைகளைக் கோத்துக் கதை செய்யும் ஸ்கிராட்ச் ஜூனியர் செயலியைப் போட்டுக் கொடுங்கள். இலவசம்தான், 5 முதல் 7 வயதுக்கென்று செய்தது, எழுத்து வாசிக்கத் தெரிய வேண்டியதில்லை. நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள்.

5-ஆம் கிரேடு பிள்ளைகளுக்குத் தமிழ்த் தட்டச்சு சொல்லித் தரலாமா? ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக்கும் முறை எளிதாக இருக்கிறதே?
– தமிழாசிரியை, காத்ர் போர்ன்

இதுதான் சரியான வயது, தாராளமாகச் சொல்லிக் கொடுங்கள். ஆனால் தமிழ்99 விசைப்பலகையில் தொடங்குங்கள். உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். ‘அம்மா’ என்று அடிக்க அ, ம, ம, ஆ என நான்கே தட்டு. ஒரே மெய் இரண்டு முறை வந்தால் முதலாவதற்குப் புள்ளி தானே விழுந்துவிடும். உயிரும் மெய்யும் சேர்ந்துதான் உயிர்மெய் என்பதை விரலே படித்துக்கொள்ளும். ஆங்கில எழுத்து வழியாகப் போகும் பிள்ளைக்கு ல, ள, ழ தடுமாற்றம் தீராது.

மகனுக்கு 12 வயது. ஸ்கிராட்ச் சின்னப் பிள்ளை விளையாட்டு, நேரே பைதான் நிரல்மொழிக்குப் போகலாம் என்கிறார் டியூஷன் ஆசிரியர். சரியா?
– ஒரு தந்தை, போர்ட் லூயிஸ்

நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கட்டளைக் கட்டைகளைக் கோத்து நிரல் செய்யும் ஸ்கிராட்ச், 8 முதல் 16 வயது வரைக்கும் என்று எம்.ஐ.டி.யில் உருவாக்கப்பட்டது, அதில் ஆழம் உண்டு. இன்றே சோதித்துப் பாருங்கள். ஸ்கிராட்சில் கோடு போடும் பேனா வசதியைச் சேர்த்து, சமபக்க முக்கோணம் ஒன்று வரையச் சொல்லுங்கள். பெரும்பாலான பிள்ளைகள் ‘3 முறை செய்: 100 நகர், 60 பாகை திரும்பு’ என்றுதான் எழுதுவார்கள். கணக்குப் புத்தகத்தில் முக்கோணத்தின் கோணம் 60 ஆயிற்றே! திரையில் நகரும் ஸ்கிராட்ச் பூனையோ அறுகோணத்தின் பாதியை வரைந்துவிட்டு நின்றுவிடும். விடையை நீங்கள் சொல்லிவிடாதீர்கள். எழுந்து நின்று நடந்து பார்க்கச் சொல்லுங்கள். மூலையில் தன் உடம்பு எவ்வளவு திரும்புகிறது என்று கவனித்தால் 180-இலிருந்து 60 போக 120 என்று அவனுக்கே பிடிபடும். சதுரத்துக்கு 90, அறுகோணத்துக்கு 60. பக்கங்களும் கோணங்களும் சமமான எந்த வடிவமானாலும் 360-ஐப் பக்க எண்ணிக்கையால் வகுத்தால் போதும். பிறகு அதே சதுரத்தை 30 பாகை திருப்பித் திருப்பி 12 முறை வரையட்டும். வாசலில் பாட்டி போடும் கோலம் போல ஒரு பூ விரியும்.

நிரலை ஓட்டும் பச்சைக் கொடியை அழுத்துவதற்கு முன்பே ‘என்ன வரும்?’ என்று கேளுங்கள். பதிலைச் சரியாகச் சொல்கிறான், தனக்கென்று புதுக் கட்டளைகளும் உருவாக்கிக்கொள்கிறான் என்றால் பைதானுக்குத் தயார். 8-ஆம் கிரேடில் போனாலும் தாமதமே இல்லை.

லேப்டாப் எப்போது வாங்கலாம்?
– ட்ரியோலே வாசகர்

7-ஆம் கிரேடில். பழையது போதும், ஆனால் நல்ல விசைப்பலகை வேண்டும். கூடத்திலேயே வையுங்கள்.

மகள் 11-ஆம் கிரேடு, எஸ்.சி. (பள்ளிச் சான்றிதழ்த் தேர்வு) எழுதப் போகிறாள். நிரல்களையெல்லாம் சாட்ஜிபிடியில் கேட்டு எழுதுகிறாள். தடுக்கட்டுமா?
– ஒரு தந்தை, பூ பாசான்

தடுத்தால் ஒளிந்து செய்வாள். முறையை மாற்றுங்கள். கேம்பிரிட்ஜ் ஓ லெவல் கணினி அறிவியலின் இரண்டு தாள்களுமே எழுத்துத் தேர்வு. இரண்டாம் தாளில் படிமுறையையும் (அல்காரிதம்), நிரல் போலவே சாதாரணச் சொற்களில் எழுதும் போலிக்குறியீட்டையும் கையாலேயே எழுத வேண்டும். தேர்வறையில் கேட்க ஆளில்லை. அதனால் முதல் வரைவு அவளுடையதாகவே இருக்கட்டும், அதுவும் காகிதத்தில். நிரல் ஓடும் ஒவ்வொரு சுற்றிலும் மாறிகளின் (மதிப்பைத் தாங்கும் பெயர்களின்) மதிப்பை அட்டவணை போட்டு ஓட்டிப் பார்க்கட்டும். அதற்கும் பிடிபடாவிட்டால் மட்டும், ‘என் நிரலில் எந்த வரியில் தப்பு, ஏன்?’ என்று கேட்கலாம். வரும் பதிலையும் அதே அட்டவணையில் சரிபார்க்க வேண்டும். அந்தக் கருவி தப்பையும் அடித்துச் சொல்லும். தன் பெயர், பள்ளி, படம் எதையும் அதில் போடக் கூடாது என்று இன்றைக்கே சொல்லிவையுங்கள்.