டிஜிட்டல் பிசிஆர்: சேலத்துக் கேள்விகளுக்குப் பதில்கள்

சேலத்தில் ஒரு லேபின் மூலக்கூறு பரிசோதனைப் பிரிவில் வேலை செய்கிறேன். பிசிஆர் என்பது டிஎன்ஏவைப் பல மடங்கு பெருக்கிக் கண்டறியும் சோதனை. அதன் ஒரு வகையான டிஜிட்டல் பிசிஆர் பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே.

அஸ்தம்பட்டி, பயோடெக் மாணவி: ரியல் டைம் பிசிஆர் இருக்கும்போது இது எதற்கு சார்?

ரியல் டைமில் அளவு தெரிய, அளவு தெரிந்த மாதிரிகளை வைத்து ஸ்டாண்டர்டு கர்வ் என்ற ஒப்பீட்டு வரைகோடு போட வேண்டும். இதில் நேராக எண்ணிவிடலாம். மாதிரியை எண்ணெயில் மிதக்கும் சுமார் 20,000 நுண்துளிகளாகப் பிரித்து, பிசிஆர் முடிந்ததும், தேடும் டிஎன்ஏ இருப்பதால் எத்தனை துளி ஒளிர்கிறது என்று பார்க்கிறோம். ஒரே துளியில் இரண்டு மூன்று மூலக்கூறு விழுந்திருக்கலாம் இல்லையா? அதைப் பாய்சான் என்ற நிகழ்தகவுக் கணக்கு சரிசெய்யும். 4,000 துளி ஒளிர்ந்தால் உள்ளே இருந்தவை சுமார் 4,460. எல்லாத் துளியும் ஒளிர்ந்துவிட்டால் கணக்கே போட முடியாது, நீர்த்துப்போகச் செய்து மறுபடி ஓட்ட வேண்டும்.

ஏற்காடு: அப்பாவுக்கு நுரையீரல் புற்றுநோய். டிஜிட்டல் பிசிஆரில் ரத்தத்திலேயே ஈஜிஎஃப்ஆர் என்ற மரபணுவின் மாற்றம் பார்க்கலாம் என்றார் டாக்டர். இங்கேயே ரத்தம் எடுத்து அனுப்பலாமா?

அனுப்பலாம், ஆனால் டியூப் முக்கியம். சாதாரண ஊதா மூடி இடிடிஏ டியூபில் நேரம் ஆக ஆக வெள்ளணுக்கள் உடைந்து அவற்றின் டிஎன்ஏ பிளாஸ்மாவில் (ரத்தத்தின் திரவப் பகுதியில்) கலக்கும். கட்டியிலிருந்து வந்த கொஞ்ச டிஎன்ஏவும் அதில் அமுங்கிப் போகும். அதனால் சில மணி நேரத்துக்குள் பிளாஸ்மாவைப் பிரித்தாக வேண்டும். 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்து, லேபில் வரிசையில் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். செல்களைக் காக்கும் தனி டியூபை லேபில் கேட்டு வாங்கினால் சில நாள் தாங்கும். ரத்தத்தை ஃப்ரீசரில் வைக்கவே கூடாது. பச்சை மூடி ஹெப்பாரின் டியூபும் வேண்டாம், ஹெப்பாரின் பிசிஆரையே தடுக்கும்.

ஆத்தூர், லேப் டெக்னீஷியன்: அந்த ஈஜிஎஃப்ஆர் ரத்த டெஸ்டில் நெகட்டிவ் வந்தால் மாற்றம் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாதுங்க. 10 நானோகிராம் டிஎன்ஏ என்றால் சுமார் 3,000 மரபணுத் தொகுதிகள். அதில் மாற்றம் 0.1 சதவீதம் என்றால் மூன்றே பிரதி! பிளாஸ்மாவை எடுத்த விதத்தில் அந்த மூன்றும் தவறினால் எவ்வளவு விலை உயர்ந்த மெஷினும் கண்டுபிடிக்காது. ரிப்போர்ட்டில் எவ்வளவு டிஎன்ஏ சோதித்தோம் என்று எழுதியே ஆக வேண்டும் என்பேன். நெகட்டிவ் வந்தால் முடிந்தவரை திசுவிலும் பார்க்க வேண்டும்.

மேட்டூர்: சளியில் டிபி பார்க்க இது வேண்டுமா?

வேண்டாம். அரசு மருத்துவமனையில் இலவசமாகச் செய்யும் சிபிநாட், ட்ரூநாட் என்ற டிபி மரபணு சோதனைகளே போதும்.

ஓமலூர்: சிஎம்எல் என்ற ரத்தப் புற்றுநோய்க்கு இமாடினிப் மாத்திரை சாப்பிடுகிறேன். அந்த நோய்க்கான மரபணுவான பிசிஆர்-ஏபிஎல் (BCR-ABL; பிசிஆர் சோதனை வேறு) 0.1-க்குக் கீழே வந்துவிட்டது. டிஜிட்டலுக்கு மாறலாமா அண்ணா?

பிசிஆர்-ஏபிஎல் சர்வதேச அளவுகோலில் 0.1 சதவீதத்துக்குக் கீழே என்பது நல்ல செய்தி. இப்போதைக்கு ஒரே லேப், ஒரே முறையில் தொடருங்கள். நடுவில் மாற்றினால் பழைய எண்ணோடு ஒப்பிட முடியாது. 0.01-க்கும் கீழே போய், மருந்தை நிறுத்துவது பற்றி டாக்டர் யோசிக்கும்போது டிஜிட்டல் உதவும். அதுவரை மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.