அந்த இன்னொரு 'இ' எந்தத் திசை?

கேள்வி: வங்கித் தேர்வுக்குப் படிக்கும் என் மகளின் கோச்சிங் சென்டர் கையேட்டில், 'நியூஸ்' என்பது நார்த், ஈஸ்ட், வெஸ்ட், சவுத் என்பதன் சுருக்கம் என்று போட்டிருக்கிறது. நாலு திசையிலிருந்தும் வருவதால் அந்தப் பெயராம். நம்பலாமா? 'நியூஸ் இஸ்' சரியா, 'நியூஸ் ஆர்' சரியா?

பதில்: நம்பாதீர்கள். 'நியூ' என்றால் புதிய. பன்மைக்கு ஒரு 'எஸ்' சேர்த்தால் புதியவை. அவ்வளவுதான். பிரெஞ்சில் புதியவற்றைப் பன்மையில் 'நூவெல்' என்பார்கள். அதைப் பார்த்து 14-ஆம் நூற்றாண்டு வாக்கில் ஆங்கிலத்திலும் வந்தது. முதலில் புதுமைகள் என்றுதான் பொருள். அடுத்த நூற்றாண்டில் சேதியாகிவிட்டது. பழைய ஆங்கில ஏடுகளில் 'டபிள்யூ'வுக்கும் 'எஸ்'ஸுக்கும் நடுவில் இன்னொரு 'இ' நிற்கும். அது எந்தத் திசை என்று கையேடு எழுதியவரைக் கேளுங்கள்.

ஷேக்ஸ்பியர் நாடகங்களில் 'திஸ் நியூஸ்', 'தீஸ் நியூஸ்' இரண்டும் உண்டு. இன்று ஒருமை மட்டும்தான்: 'நியூஸ் இஸ்'. 'எ நியூஸ்' என்றும் எழுதக் கூடாது. 'எ பீஸ் ஆஃப் நியூஸ்'.

இந்த 'ஃபுல் ஃபார்ம்' வியாபாரம் எனக்கு ஆகவே ஆகாது. வாட்ஸ்அப்பில் இலவசமாகச் சுற்றுவதை ஸ்பைரல் போட்டு விற்கிறார்கள். லத்தீனில் இறகு என்ற சொல்லிலிருந்து வந்த 'பென்'னுக்குக்கூட விரிவாக்கம் வைத்திருக்கிறார்கள்! ஒரு பதிப்பகத்துக்குத் திருத்தம் எழுதிப் போட்டேன். அடுத்த பதிப்பில் அட்டை மாறியிருந்தது, பக்கம் மாறவில்லை.

முதலெழுத்துகளைக் கோத்துச் சொல் செய்வதெல்லாம் பெரும்பாலும் 20-ஆம் நூற்றாண்டுப் பழக்கம். அதற்கு முந்தைய சொல் என்றால் சந்தேகப்படுங்கள். 'ஓகே' மட்டும் விதிவிலக்கு. 1839-இல் பாஸ்டன் பத்திரிகை ஒன்றில், 'ஆல் கரெக்ட்' என்பதை வேண்டுமென்றே 'ஓ', 'கே' என்ற எழுத்துகளில் தொடங்குமாறு தப்பாக எழுதி, அதைச் சுருக்கி 'ஓகே' என்று போட்டார்கள். அப்போது அப்படியொரு கேலி மோகம். அந்த ரகத்தில் வந்த மற்றவை ஏறக்குறைய எல்லாமே செத்துப்போயின. 1840 அமெரிக்க அதிபர் தேர்தலில் நின்ற மார்ட்டின் வான் பியூரனின் ஊர் கிண்டர்ஹூக். 'ஓல்ட் கிண்டர்ஹூக்' என்ற அவருடைய பட்டப்பெயருக்கும் அதே இரண்டு எழுத்து அமைந்துவிட, ஆதரவாளர்கள் பிடித்துக்கொண்டார்கள். ஓகே பிழைத்தது. அவர் தோற்றுப்போனார்.

சரி, தேர்வுக்கு வருவோம். கையேட்டில் அந்த வரியை அடித்துவிடச் சொல்லுங்கள். பிழை திருத்தும் பகுதியில் 'நியூஸ் ஆர்' வந்தால் 'இஸ்' என்று மாற்றத் தெரிந்தால் போதும். மதிப்பெண் அங்கேதான் இருக்கிறது.