எனக்கெல்லாம் இது ஏலுமோ?

கேள்வி: ஞாயிற்றுக்கிழமையில சின்னப் பிள்ளையளுக்கு மறைக்கல்வி படிப்பிக்கச் சொல்லி எங்கட ஃபாதர் கேக்கிறார். இடம்பெயர்வோட என்ர படிப்பு நிண்டு போச்சு, நாலு பேருக்கு முன்னால நிண்டா நாக்கு ஒட்டிக்கொள்ளுது. ஆண்டவர்தான் கூப்பிடுறார் எண்டு மனசு சொல்லுது, ஆனா எனக்கென்ன தகுதி?
– வாசகி, மல்லாவி

பதில்: தங்கச்சி, உங்கட கடிதத்தை ரெண்டு தரம் வாசிச்சன், ஏனெண்டா பைபிளில வாற மோசேயும் இதைத்தான் சொன்னவர். எகிப்து ராசா பார்வோனுக்கு முன்னால போய் நிக்கேக்க அவருக்கு வயசு 80, அதுவரைக்கும் மாமன்ர ஆட்டை மேய்ச்சுக்கொண்டிருந்த ஆள், எனக்கு வாய் திக்கும், வேற ஆரையும் அனுப்பும் எண்டு கெஞ்சினவர். ஆண்டவர் அந்த நாக்கைச் சுகமாக்கினதா விடுதலைப் பயணம் 4ஆம் அதிகாரத்தில இல்லை, அதை வடிவாக் கவனியுங்கோ, கதைக்கிறதுக்கு அண்ணன் ஆரோனைத் துணைக்குக் குடுத்தார், கையில கிடந்த கோலையே கொண்டு போ எண்டார், அவ்வளவுதான்.

புனித ஜோன் மரிய வியானியும் குருமடத்தில லத்தீன் ஏறாமல் சரியாக் கஷ்டப்பட்டவர். 1815இல குருவானார், இண்டைக்குப் பங்குக் குருக்களின்ர பாதுகாவலர் அவர்.

பங்கருக்குள்ள இருந்து செபமாலை சொன்ன சனம் நாங்கள், அந்த விசுவாசத்தைப் பிள்ளையளுக்கு ஆர் சொல்லிக் குடுக்கிறது? உங்களிட்ட இருக்கிறது அதுதான், பெரிய படிப்பில்லை. ஃபாதரிட்டச் சொல்லிக் கூட ஒரு ஆளைக் கேளுங்கோ, வெக்கப்படாதேங்கோ. முதல் ஞாயிறு ஒரேயொரு கதை, காணாமப்போன ஆட்டின்ர கதையைச் சொல்லுங்கோ, ஆடு துலைச்சுத் தேடின வீட்டுப் பிள்ளையள் எல்லே, மிச்சத்தை அவையே கேப்பினம்.