வாசகர் கேள்வி – பதில்: முன்னோடி அணி கற்றது மற்ற துறைகளுக்கு எப்படிப் போய்ச் சேரும்?

கேள்வி: ஐயா, வணக்கம். மொரிஷியஸின் எபேனில் உள்ள ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் மென்பொருள் பிரிவில் பணிபுரிகிறேன். இழப்பீட்டுக் கோரிக்கைகளைப் பதிவு செய்யும் மென்பொருளைப் புதுப்பிக்கும் வேலையை, மே முதல் செப்டம்பர் வரை, ஒரு சிறிய முன்னோடி அணியாக அஜைல் முறையில் (வேலையைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, அவ்வப்போது முடித்துக் காட்டித் திருத்திக்கொண்டே போகும் முறை) செய்து முடித்தோம். நல்லபடியாகவே அமைந்தது. இப்போது நிர்வாகம், நாங்கள் கற்றதை அறிக்கையாக எழுதி எல்லாத் துறைகளுக்கும் அனுப்பச் சொல்கிறது. ஜனவரியிலிருந்து மற்ற அணிகளும் இதே முறையைப் பின்பற்ற வேண்டுமாம். கணக்குத் துறையினரோ, "உங்களுக்கு நல்ல ஆட்களாகப் பார்த்துக் கொடுத்தார்கள், எங்களுக்கு இதெல்லாம் ஒத்து வராது" என்கிறார்கள். என்ன செய்வது?
— வாசகி, ரோஸ்ஹில்

பதில்: கணக்குத் துறையினர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, அம்மா. அதை மறுக்காமல் அங்கிருந்தே தொடங்குங்கள். முன்னோடித் திட்டம் என்றாலே பெரும்பாலும் தேர்ந்தெடுத்த ஆட்கள் இருப்பார்கள், மேலிடத்தின் கவனம் இருக்கும், அன்றாட வேலைகளிலிருந்து ஓரளவு விலக்கும் கிடைக்கும். இவற்றை மறைத்துப் பலனை மட்டும் எடுத்துச் சொன்னால் கேட்பவர்கள் நம்பமாட்டார்கள். நம்பி அப்படியே செய்து பார்ப்பவர்களோ, அதே பலன் வராதபோது தங்கள் மீதே குறை கண்டு ஒதுங்கிவிடுவார்கள்.

உங்கள் அணி வேலை செய்த மாதங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். மே முதல் செப்டம்பர் வரை நம் தீவில் பெரும்பாலும் குளிர்காலம், விடுமுறைகளும் குறைவு. ஜனவரியில் தொடங்கும் அணிக்குப் புத்தாண்டின் 2 நாட்கள், தைப்பூசக் காவடி, சீனப் புத்தாண்டு, பிப்ரவரி 1 அடிமை ஒழிப்பு நாள், மகா சிவராத்திரி, மார்ச் 12 தேசிய தினம் என்று விடுமுறைகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும்; நடுவில் புயல் எச்சரிக்கை மூன்றாம் நிலைக்குப் போனால் அலுவலகமே வெறிச்சோடிவிடும். ஸ்பிரிண்ட் என்னும் இரண்டு வார வேலைச் சுற்று ஒன்றில் நீங்கள் முடித்த அளவு வேலையை அவர்கள் முடிக்காமல் போனால், அதை அவர்களுடைய திறமைக் குறைவாக எவரும் எழுதிவிடக் கூடாது. ஆகவே உங்கள் அறிக்கையின் முதல் பக்கத்தில் இந்தச் சூழல் விவரங்கள் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அறிக்கை எழுதத்தான் வேண்டும், ஆனால் சுருக்கமாக எழுதுங்கள். "தினமும் காலையில் 15 நிமிடம் நின்று பேசினோம், பயன் கிடைத்தது" என்ற வரியால் எவருக்கும் எதுவும் விளங்காது. முதல் சில வாரங்களில் ஒவ்வொருவரும் மேலாளரின் முகத்தைப் பார்த்தே ஒப்பித்தார்கள், அவர் வராமல் விட்ட பிறகுதான் "அந்தப் படிவம் எப்போது தயாராகும்" என்று ஒருவரையொருவர் கேட்கத் தொடங்கினார்கள் என்பது போன்ற ஒன்று உங்கள் அணியிலும் நடந்திருக்கும், அதை எழுதுங்கள். நடுவில் எதைக் கைவிட்டீர்கள், ஏன் கைவிட்டீர்கள் என்பதையும் சேருங்கள். பின்னால் வருபவர்களுக்கு மிகவும் உதவுவது அதுதான். ஆனால் அணி தன் வேலை முறையைத் திரும்பிப் பார்க்கும் ரெட்ரோஸ்பெக்டிவ் கூட்டங்களின் குறிப்புகளை அப்படியே அனுப்ப வேண்டாம். அங்கே பேசியவர்கள் அணிக்குள் இருக்கும் என்று நம்பிப் பேசினார்கள். எதை வெளியே சொல்லலாம் என்று அவர்களிடமே கேளுங்கள்.

அறிக்கை போகும் இடமெல்லாம் அனுபவமும் போய்விடாது. 1986-இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூ இதழில் தாகேயுச்சி, நோனாகா என்னும் இரு ஜப்பானிய அறிஞர்கள், புதிய பொருட்களை விரைவாக உருவாக்கிய அணிகளை ஆராய்ந்து எழுதிய கட்டுரையிலிருந்துதான், அஜைல் முறைகளில் ஒன்றான ஸ்க்ரம் என்பதன் பெயர் மென்பொருள் துறைக்கு வந்தது. அவர்கள் அந்த அணிகளிடம் கண்ட 6 இயல்புகளில் கடைசியானது, கற்றதை நிறுவனம் முழுவதற்கும் கொண்டு சேர்ப்பது. முக்கியமான சிலரை அடுத்த திட்டத்துக்கு மாற்றியதன் மூலமும் அது நடந்தது என்று எழுதிய அவர்கள், வெற்றி பெற்ற வழக்கத்தை நிலையான விதியாக்குவது அளவு மீறினால் ஆபத்தாகலாம் என்றும் எச்சரித்தார்கள்.

ஆகவே நிர்வாகத்திடம் நீங்கள் முதலில் கேட்க வேண்டியது ஆள். உங்கள் அணியிலிருந்து ஒருவரை, அடுத்த அணியின் முதல் இரண்டு மூன்று ஸ்பிரிண்ட்களுக்கு அவர்களுடனேயே உட்கார அனுமதிக்கச் சொல்லுங்கள். அவர் உங்களில் மிகச் சிறந்த நிரலாளராக இருக்க வேண்டியதில்லை. கிளை அலுவலகத்தாரோடும் கணக்கர்களோடும் பொறுமையாகப் பேசத் தெரிந்த, மென்பொருளைச் சோதிக்கும் டெஸ்டர் ஒருவர் போதும். மறுபக்கம், உங்கள் அணி தொடர்ந்து இயங்குகிறது என்றால், ஸ்பிரிண்ட் முடிவில், செய்து முடித்ததைக் காட்டும் ரிவ்யூ கூட்டத்துக்கு மற்ற துறையினரை அழையுங்கள். ஓடுகிற திரையைக் கண்ணால் பார்த்துக் கேள்வி கேட்பவர்களுக்குப் பவர்பாயிண்ட் தேவைப்படாது. அந்தப் பேச்சு நம் அன்றாடப் பேச்சு மொழியான கிரியோலிலேயே நடக்கட்டும். அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கலாம், ஆனால் முகப்பில் வாடிக்கையாளரைச் சந்திக்கும் ஊழியர் தயங்காமல் சந்தேகம் கேட்பது கிரியோலில்தான்.

கணக்குத் துறைக்கு ஸ்பிரிண்ட் ஒத்து வராமலும் போகலாம். மாதக் கடைசியில் கணக்கை முடிப்பவர்களுக்கு வேலை வரும் நாளும் முடியும் நாளும் முன்பே விதிக்கப்பட்டவை. டொயோட்டா தொழிற்சாலைகளில் தோன்றிய கான்பான் முறையில், வேலைகளைப் பலகையில் எழுதி, ஒரே நேரத்தில் கையில் எடுக்கும் வேலைகளுக்கு ஒரு வரம்பு வைப்பது அவர்களுக்கு உகந்ததாக இருக்கும். 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 17 பேர் கூடி வெளியிட்ட அஜைல் கொள்கை அறிக்கையின் 12 கோட்பாடுகளில் கடைசியானது, அணி தானே அவ்வப்போது தன் வேலையை எண்ணிப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்கிறது. எல்லோரும் ஜனவரியிலிருந்து ஒரே மாதிரி செய்யுங்கள் என்ற ஆணை அதற்கு நேர் எதிரானது. இதை உங்கள் நிர்வாகத்திடம் பணிவாகவும் தயங்காமலும் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் இயக்குநர் முன்னோடி அணியின் வெலாசிட்டியை (ஒரு ஸ்பிரிண்டில் முடிக்கும் ஸ்டோரி பாயிண்ட்களின் கூட்டுத்தொகையை) மற்ற அணிகளுக்கு இலக்காக வைத்திருக்கிறார். இது சரியா?
— வாசகர், போர்ட் லூயிஸ்

பதில்: சரியன்று. ஸ்டோரி பாயிண்ட் என்பது ஓர் அணி தன் வேலைகளின் பளுவைத் தனக்குள் ஒப்பிட்டுப் போடும் மதிப்பு. ஓர் அணியின் 5 இன்னோர் அணியின் 5 அல்ல. இலக்கு என்று வைத்துவிட்டால் 3 என்று மதிப்பிட்ட வேலையை 5 என்று எழுதத் தொடங்குவார்கள். எண் ஏறும், வேலை ஏறாது. 2020-இல் வெளியான ஸ்க்ரம் வழிகாட்டியில் வெலாசிட்டி என்ற சொல்லே கிடையாது. கிளை அலுவலகம் ஒரு மாற்றத்தைக் கேட்ட நாளிலிருந்து அது வாடிக்கையாளரின் பயன்பாட்டுக்கு வரும் வரை எத்தனை நாள் ஆகிறது என்று ஒவ்வோர் அணியும் குறித்து வரட்டும். அந்த எண்ணை அதே அணியின் முந்தைய மாதங்களோடு மட்டும் ஒப்பிடும்படி உங்கள் இயக்குநரிடம் கேளுங்கள்.