வாசகர் கேள்வி–பதில்: பெங்களூரில் பிறந்த நம்பிக்கை

கேள்வி: இந்தியன் சூப்பர் லீக் கால்பந்தில் சென்னையின் எஃப்.சி. அணியின் வெளியூர் வெற்றிகள் என்றால், கோவாவிலும் பெங்களூரிலும் கோப்பை வென்ற இரண்டு இறுதியாட்டங்களையே எல்லோரும் சொல்கிறார்கள். ஒரு ரசிகராக உங்களுக்கு அதிக நம்பிக்கை தந்த வெளியூர் வெற்றி எது? (வாசகர், ஓசூர்)

பதில்: கோப்பை கைக்கு வந்துவிட்ட பிறகு நம்பிக்கைக்கு வேலையில்லை. ஆகவே நான் சொல்வது ஒரு லீக் ஆட்டத்தை. 2017 டிசம்பர் 17 அன்று பெங்களூரு கண்டீரவா மைதானத்தில் பெங்களூரு எஃப்.சி. அணியை 2-1 என்று வென்றோமே, அந்த ஆட்டம்.

அதன் அருமை விளங்க வேண்டுமானால் அந்தப் பருவம் தொடங்கிய விதத்தை நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். முதல் ஆட்டத்தில், நம் நேரு விளையாட்டரங்கிலேயே, கோவாவிடம் இடைவேளைக்கு முன்பே மூன்று கோல்களை வாங்கினோம். பிற்பாதியில் இரண்டு கோல்களைத் திருப்பி அடித்தும் 2-3 என்று தோற்றோம். போராடியது ஆறுதலாக இருந்தாலும், ஒரு கோல் விழுந்தவுடன் அடுத்ததும் அதற்கடுத்ததும் விழுந்துவிடுகின்றனவே, அடி பட்டால் இந்த அணி நிலைகுலைந்துவிடுமோ என்ற கவலை அன்று முதல் ரசிகர்களிடம் இருந்தது.

பெங்களூரில் ஐந்தாவது நிமிடத்திலேயே நம் முன்கள வீரர் ஜெஜெ லால்பெக்லுவா கோல் அடித்தார். அதன் பின் எண்பது நிமிடங்கள் அந்த ஒற்றைக் கோலைக் கட்டிக்காத்த அணி, 85ஆவது நிமிடத்தில் பெங்களூரு அணித் தலைவர் சுனில் சேத்ரியிடம் சமன் கோலை வாங்கியது. அரங்கம் முழுவதும் எழுந்து நின்று ஆர்ப்பரிக்க, மேற்குப் பகுதியில் வெஸ்ட் பிளாக் புளூஸ் எனப்படும் பெங்களூரு ரசிகர்கள் குரலை இன்னும் உயர்த்த, பெங்களூரு அணி இரண்டாவது கோலைத் தேடிப் பாய்ந்து வந்த அந்த நேரத்தில், ஒரு புள்ளியாவது மிஞ்சட்டும் என்று கோல் கம்பத்தின் முன் கூடி நின்றிருந்தாலும் நம் வீரர்களை யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் நம் வீரர்கள் முன்னேறிச் சென்றார்கள். 88ஆவது நிமிடத்தில் தனபால் கணேஷ் வெற்றிக் கோலை அடித்தார். வியாசர்பாடியில் பந்து உதைத்து வளர்ந்த ஒரு நடுகள வீரர், சேத்ரியின் ஊரில், சேத்ரியின் கோலுக்கு மூன்றே நிமிடங்களில் பதில் சொன்னார். எனக்கு நம்பிக்கை தந்தது அந்த மூன்று நிமிடங்கள்தான். கோவாவுக்கு எதிரான ஆட்டத்திலிருந்து நாங்கள் சுமந்துகொண்டிருந்த கவலைக்கு அங்கே விடை கிடைத்தது.

கேள்வி: அதே பெங்களூரு அணி 2018 பிப்ரவரியில் சென்னைக்கு வந்து 3-1 என்று வென்றுவிட்டுச் சென்றதே? அப்படியானால் டிசம்பர் வெற்றி வெறும் அதிர்ஷ்டம் என்று கொள்ளலாமா? (வாசகி, வேலூர்)

பதில்: கொள்ள வேண்டியதில்லை. இரண்டு ஆட்டங்களிலும் நம் அணியிடம் கேட்கப்பட்ட வேலை வேறு. பயிற்சியாளர் ஜான் கிரிகோரி அமைத்த அணி, தடுப்பாட்டத்தில் நெருக்கமாக நின்று, எதிரணி ஏறி வரும்போது விட்டுச்செல்லும் இடைவெளியையும், கார்னர், ஃப்ரீ கிக் போன்ற வாய்ப்புகளையும் பயன்படுத்திக்கொள்ளும் அணி. சொந்த ஊரில் ஆடும் பெங்களூரு ஏறி வந்தே தீர வேண்டும். அது நமக்கு வசதி. சென்னையில் ஆட்டத்தை நாமே முன்னின்று நடத்த வேண்டியிருந்தது; அந்த வேலையில் அன்று பெங்களூரு நம்மைவிடச் சிறந்திருந்தது. லீக் முடிவில் அவர்களுக்கு 40 புள்ளிகள், இரண்டாம் இடத்தில் நமக்கு 32 புள்ளிகள் என்ற கணக்கும் அதையே சொல்கிறது. அவர்கள்தாம் பருவம் முழுவதும் சிறந்த அணி என்பதை ஒப்புக்கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை.

ஆனால் டிசம்பரில் வெளிப்பட்ட குணம் பொய்யானதல்ல. அரையிறுதியில் கோவாவுடன் அவர்கள் ஊரில் 1-1 என்று சமன் செய்துவிட்டு, நேரு விளையாட்டரங்கில் 3-0 என்று வென்றபோது, ஜெஜெ இரண்டு கோல்களும் கணேஷ் ஒரு கோலும் அடித்தார்கள். டிசம்பரில் பெங்களூரில் கோல் அடித்த அதே இருவர்தான் அணியை மீண்டும் கண்டீரவாவுக்கு, இறுதியாட்டத்துக்கு, அழைத்துச் சென்றார்கள். மார்ச் 17 அன்று நடந்த அந்த ஆட்டத்தில் ஒன்பதாவது நிமிடத்திலேயே சேத்ரி தலையால் முட்டிக் கோல் போட்டார். எட்டே நிமிடங்களில் கிரிகரி நெல்சன் அடித்த கார்னரை மைல்சன் ஆல்வெஸ் தலையால் வலைக்குள் அனுப்பிச் சமன் செய்தார். இடைவேளைக்குச் சற்று முன் அதே இருவர் அதே விதமாக இன்னொரு கோல். பிற்பாதியில் ரஃபேல் அகஸ்டோ தொலைவிலிருந்து உதைத்த பந்து மூன்றாவது கோலானது. 3-2 என்று கோப்பை நமக்கு வந்தது.

கேள்வி: வெளியூரில் வெல்வது உண்மையிலேயே அவ்வளவு கடினமா, அல்லது ரசிகர்கள் பெரிதுபடுத்துகிறார்களா? (வாசகர், திருச்சி)

பதில்: உண்மையிலேயே கடினம். பயணக் களைப்பு, பழக்கமில்லாத தரை, தட்பவெப்பம் எல்லாம் சேரும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,600 மீட்டர் உயரத்திலுள்ள லா பாஸ் நகரில், 2009இல் மெஸ்ஸி ஆடிய அர்ஜென்டினாவே பொலிவியாவிடம் 1-6 என்று தோற்றது. ரசிகர் கூட்டத்தின் பங்கு எவ்வளவு என்பதைக் கொரோனா காலம் காட்டியது. 2020 மே மாதம் ஜெர்மனியின் பண்டஸ்லிகா காலி அரங்குகளில் மீண்டும் தொடங்கியபோது உள்ளூர் அணிகளின் வெற்றிகள் குறைந்தன. கூட்டத்தின் கூச்சல் இல்லாதபோது, வெளியூர் அணிக்கு நடுவர்கள் காட்டும் மஞ்சள் அட்டைகளும் குறைந்ததை ஆய்வாளர்கள் கண்டார்கள்.

இதற்கு மாறான ஓர் உதாரணமும் நம்மிடமே உண்டு. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியதால், கொல்கத்தா அணிக்கு எதிரான அரையிறுதியின் ‘சொந்த ஊர்’ ஆட்டத்தையே புனேயில் ஆட வேண்டியதாயிற்று. அதை 3-0 என்று வென்றார்கள். பின் கோவாவின் ஃபதோர்தா அரங்கில் இறுதியாட்டம்: 87ஆவது நிமிடத்தில் கோவா 2-1 என்று முன்னிலை பெற்றபோது கோப்பை போய்விட்டது என்றே தோன்றியது. 90ஆவது நிமிடத்தில் கோவா கோல்கீப்பர் கட்டிமணியின் சுயகோலால் சமன் ஆயிற்று. கூடுதல் நிமிடங்களில் ஸ்டீவன் மெண்டோசா வெற்றிக் கோலை அடித்தார். வீடுகளில் இன்னும் சேறு கழுவிக்கொண்டிருந்த ஓர் ஊருக்கு அந்த வெற்றி என்னவாக இருந்தது என்பதை, அப்போது சென்னையில் இருந்தவர்கள் அறிவார்கள்.

கேள்வி: 2023 நவம்பரில் குவைத்துக்கே சென்று இந்தியா 1-0 என்று வென்றபோதும் இப்படித்தான் நம்பினோம். கடைசியில் ஏமாற்றமே மிஞ்சியது. வெளியூர் வெற்றியை எப்படித்தான் நம்புவது? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: உங்கள் வருத்தத்தில் எனக்கும் பங்குண்டு. உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் மன்வீர் சிங் 75ஆவது நிமிடத்தில் அடித்த அந்தக் கோலுக்குப் பிறகு, மீதமிருந்த ஐந்து ஆட்டங்களில் இந்தியா ஒன்றைக்கூட வெல்லவில்லை. ஐந்திலும் சேர்த்து இரண்டே கோல்கள். அவற்றில் ஒன்று சேத்ரியின் பெனால்டி. கொல்கத்தாவில் சேத்ரி விடைபெற்ற ஆட்டத்தில் அதே குவைத்துடன் 0-0.

ஒவ்வொரு வெற்றியும் அணியைப் பற்றிய ஏதோ ஒரு கேள்விக்குத்தான் விடை தரும், எல்லாவற்றுக்கும் தராது. இந்திய அணியால் வெளிநாட்டில் கட்டுக்கோப்பாகத் தடுத்தாட முடியுமா என்ற கேள்விக்குக் குவைத்தில் நல்ல விடை கிடைத்தது. சேத்ரியை விட்டால் கோல் அடிப்பது யார் என்ற பழைய கேள்விக்கோ அந்த ஒரு கோல் விடையாகவில்லை. ஆனால் நாம் எல்லோரும் விடை கிடைத்துவிட்டதாகவே கொண்டாடினோம். சென்னையின் அணி பெங்களூரில் வென்றபோது, எந்தப் பலவீனத்துக்காக அஞ்சினோமோ அதையே அணி நேரில் சந்தித்து வென்றது. அடுத்த முறை வெளியூரில் உங்கள் அணி வெல்லும்போது, அதுவரை உங்களைத் தூங்கவிடாத குறை எதுவோ அது அந்த ஆட்டத்தில் சோதிக்கப்பட்டதா என்று பாருங்கள். சோதிக்கப்பட்டிருந்தால் தாராளமாக நம்பலாம். இல்லையென்றாலும் மூன்று புள்ளிகளைக் கொண்டாடுவதில் தவறில்லை. தீர்ப்பை மட்டும் அடுத்த சில ஆட்டங்களுக்குத் தள்ளி வையுங்கள்.